'ஹவுஸ்' என்றால் வீடு மட்டும்தானா?

இல்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவை, பிரபுக்கள் அவை இரண்டுமே ஹவுஸ்தான். அரச வம்சத்துக்கும் அதே சொல். முதல் உலகப் போரில் ஜெர்மனி மீது வெறுப்பு மூண்டிருந்த 1917இல், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயரைக் கைவிட்டு 'ஹவுஸ் ஆஃப் வின்ட்சர்' என்று மாற்றிக்கொண்டார். வின்ட்சர் அவர்களுடைய கோட்டை. ஆக, வம்சத்துக்கே வீட்டின் பெயர்!

எனக்குப் பிடித்தது 'ஹவுஸ்' என்ற நடன இசை வகைதான். சிகாகோவில் 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' நடன விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அங்கே ஒலித்ததைக் கடைகளில் கேட்டு வாங்கப் போய், பெயர் 'ஹவுஸ்' என்று சுருங்கியதாகச் சொல்வார்கள்.

உணவகத்தில் 'ஆன் தி ஹவுஸ்' என்றால் காசு வாங்க மாட்டார்கள். சூதாட்ட விடுதியிலோ, உங்கள் காசை அள்ளிக்கொள்ளும் முதலாளிதான் ஹவுஸ்.