கேள்வி–பதில்: பாதி வழியில் நிற்கும் நிரல்

கேள்வி: 30 மடுவங்களில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளில்) கொழுந்து ஏற்றும் லொறிக்கு ஆகக் குறைந்த தூரமுள்ள பாதையைத் தேட நிரல் எழுதினேன். வரிசையில் இரண்டு மடுவங்களை இடம் மாற்றிப் பார்க்கும். தூரம் குறைந்தால் ஏற்றுக்கொள்ளும். சிறிது நேரத்தில் அசையாமல் நின்றுவிடுகிறது. கையால் போட்ட பாதையே அதைவிடக் குறைவாக வருகிறது. எங்கே பிழை?
– மாணவர், ஹட்டன்

பதில்: நிரல் சொன்னதைத்தான் செய்கிறது. தூரம் குறைவதை மலையேறுவதாக நினையுங்கள். நல்லதண்ணியிலிருந்து ஏற மட்டுமே செய்வேன் என்றால் சிவனொளிபாதமலையோடு (2,243 மீற்றர்) பயணம் முடிந்துவிடும். பீதுருதாலகாலைக்குப் (2,524 மீற்றர்) போக முதலில் இறங்கியாக வேண்டும்.

ஆனால் இறங்கக் கற்றுக்கொடுக்கும் முன் எடுத்துவைக்கும் அடியை மாற்றுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். இரண்டு மடுவங்களை இடம் மாற்றினால் பெரும்பாலும் நான்கு சாலைத்துண்டுகள் மாறும். நிலப்பரப்பு கரடுமுரடாகிப் பொய் உச்சிகள் (ஆக உயர்ந்தவை அல்ல, ஆனால் மேலே ஏற வழியில்லாதவை) பெருகும். அதற்குப் பதில் பாதையின் ஒரு பகுதியை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு துண்டுகள்தான் மாறும். வரைபடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் கோடுகள் பெரும்பாலும் இதிலேயே அவிழ்ந்துவிடும்.

தூரத்துக்குப் பதில் டீசலைக் கணக்கிட்டால் கவனம்! சுமையோடு ஏற்றம் ஏறுவதும் அதே சாலையில் இறங்குவதும் ஒரே செலவல்ல. திருப்பிய பகுதி முழுவதையும் மறுபடி கூட்டாவிட்டால், இல்லாத இலாபத்தை நிரல் காட்டும்.

அப்புறமும் நின்றால், எழுந்தமானமான 50 வரிசைகளிலிருந்து தனித்தனியே தொடங்கிச் சிறந்ததை எடுங்கள். போதாவிட்டால் 1983இல் கேர்க்பாட்ரிக், ஜெலட், வெக்கி வெளியிட்ட குளிர்விக்கும் முறை (simulated annealing). மோசமான மாற்றத்தையும் சிலவேளை ஏற்கும். எவ்வளவு தாராளமாக ஏற்கும் என்பதை 'வெப்பநிலை' என்ற எண் தீர்மானிக்கும். கூடும் தூரம் அதற்குச் சமமானால் ஏற்கும் வாய்ப்பு 37 சதவீதம், இருமடங்கானால் 14. மோசமான மாற்றங்களில் சராசரியாகக் கூடும் தூரத்தைப் போல 4.5 மடங்கை ஆரம்ப வெப்பநிலையாக வையுங்கள். அப்போது சராசரி மாற்றத்துக்கு வாய்ப்பு 80 சதவீதம். ஆயிரம் முயற்சிக்கு ஒருமுறை வெப்பநிலையை 0.95ஆல் பெருக்குங்கள். அவசரமாகக் குளிரவைத்தால் பழையபடி பொய் உச்சிதான். இதுவரை கிடைத்த சிறந்த பாதையைத் தனியே சேமியுங்கள். நிரல் அதை விட்டும் இறங்கிப்போகும்.

கேள்வி: 'தகுதி நிலப்பரப்பு' யாருடைய யோசனை?
– வாசகர், பண்டாரவளை

பதில்: மரபியலாளர் சூவல் ரைட், 1932. மரபணுச் சேர்க்கைகளை நிலமாகவும், அவற்றின் தகுதியை (பிழைத்து இனம்பெருக்கும் திறனை) உயரமாகவும் பார்ப்பதுதான் அது. ஒவ்வொன்றுக்கும் இரு வடிவமுள்ள 20 மரபணுக்களில் 10,48,576 சேர்க்கைகள் உண்டு. தகுதி முற்றிலும் தாறுமாறாக அமைந்தால் அவற்றில் சராசரியாக 50,000 அளவில் உச்சிகள் இருக்கும். மரபணுக்கள் ஒன்றையொன்று பாதிக்காவிட்டால் ஒரே உச்சி. அங்கே ஏறிக்கொண்டே போனால் போதும்.