நியூயார்க்குக்கு எந்தப் பக்கமாகப் போவது?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நிற்காமல் பறந்தால் எத்தனை மணி நேரம் ஆகும்? ஐரோப்பா வழியா, பசிபிக் வழியா?
– வாசகர், திருச்சி

பதில்: நேர்க்கோட்டில் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் ஏறக்குறைய 18 முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வழி விஷயம்தான் வேடிக்கை. உருண்டையில் அளந்தால் மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டிப் போகிறது, ஆனால் மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால் சுற்றிப் போவதே லாபம் என்பதால், போகும்போது பெரும்பாலும் பசிபிக்கைத் தாண்டியும், வரும்போது பல நாட்கள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் வருகிறார்கள். அதாவது, இரண்டு தடவையும் கிழக்கு நோக்கித்தான்!

எகானமி டிக்கெட் தேடாதீர்கள், அந்த ஏர்பஸ் ஏ350-ல் அந்த வகுப்பே கிடையாது. எடையைக் குறைக்க 161 இருக்கைதான். அப்புறம், நள்ளிரவு 12-க்குக் கிளம்பினால் அதே தேதியில் காலை ஆறு, ஏழு மணிக்குள் இறங்கிவிடலாம், ஏனென்றால் நியூயார்க் கடிகாரம் 12 மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் 13. இறங்கினதும் ஒரு முழுப் பகல் காத்திருக்கும், தூக்கம்தான் வராது.