குடல் ஊடுருவல் பரிசோதனை தேவையா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. குடல் ஊடுருவலை (குடற்சுவர் வழியே பொருள்கள் உட்புகும் அளவை) ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கலாமா?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: வெறும் வயிற்றில் லாக்டுலோஸ், மானிடால் என்னும் இரு சர்க்கரை வகைப் பொருள்கள் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அடுத்த சுமார் 5 மணி நேரச் சிறுநீரில் அவை வெளியேறும் விகிதத்தை அளப்பதே இச்சோதனை. சிறிய மூலக்கூறான மானிடால் நலமான குடலிலும் எளிதில் உட்புகும். பெரிய லாக்டுலோஸோ உயிரணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்தால்தான் கூடுதலாக நுழையும் என்பதால், மானிடாலுடன் ஒப்பிட லாக்டுலோஸின் விகிதம் உயர்வது குடற்சுவரின் பாதிப்பைக் காட்டலாம். ஆனால், பாதிப்பின் காரணத்தைச் சொல்லாது. சிறு பிள்ளையிடம் அத்தனை மணி நேரச் சிறுநீரையும் சிந்தாமல் சேகரிப்பது எத்தகைய பாடு என்பது தங்களுக்கே தெரியும். பெரிதும் ஆராய்ச்சிக்கே பயன்படும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலதுறை மருந்தக மருத்துவரை அணுகி, கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை சப்பாத்தி, ரொட்டியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும்.