கவுன்டி தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் (நம்மூர் மாவட்டம்போன்ற பிரிவு) குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சில தேர்தல்களில் வாக்கு மையத்தில் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பி, 2026 ஜூன் 2 பிரைமரியை (முதற்கட்டத் தேர்தலை) ஒட்டி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லப் போவதில்லை. அதைக் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும்.

அக்கா, போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. வாக்குச்சீட்டைப் பிரித்தால் கல்யாணப் பந்தல் மளிகைப் பட்டியல்போல நீள்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (சன்னிவேல்)

பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு பதவிகளை மட்டும் முதலில் படியுங்கள். ஒவ்வொரு பதவிக்கும் என்ன அதிகாரம் என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பெயர்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

நம் கவுன்டியை ஐந்து சூப்பர்வைசர்கள் நடத்துகிறார்கள். ஆண்டு பட்ஜெட் 1,200 கோடி டாலருக்கும் மேல். சிறைச்சாலை, பொதுச் சுகாதாரம், ஏழைகளுக்கான உதவித்தொகை, மருத்துவமனைகள் எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் தினமும் அலுவலகத்துக்குப் போகும் லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயும் கவுன்டியின் சாலைதான். ஆனால் உங்கள் வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்ட அனுமதி தருவது சன்னிவேல் நகராட்சி. உங்கள் குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று எல்லை வகுப்பது பள்ளி மாவட்டம்.

இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பொங்கல் விழாவுக்கு சூப்பர்வைசர் பதவிக்குப் போட்டியிட்ட ஒருவர் வந்தார். வேட்டி கட்டி, "வணக்கம்" சொல்லி, பொன்னாடை வாங்கிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர், "லாரன்ஸில் இந்த சிக்னல்களை எப்போது சரிசெய்வீர்கள்?" என்று கேட்டதற்கு, "நகராட்சியிடம் பேசுகிறேன்" என்றார். தான் கேட்டு நிற்கும் வேலை எது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பொங்கலை ரசித்தார், அதில் எனக்குக் குறையில்லை.

சூப்பர்வைசர் வேட்பாளரிடம் இப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி மருத்துவமனை பற்றியது. வேலி மெடிக்கல் சென்டர் முன்பே கவுன்டியிடம் இருந்தது. 2019இல் ஓ'கானர், செயின்ட் லூயிஸ் இரண்டையும், 2025இல் ரீஜனல் மெடிக்கல் சென்டரையும் வாங்கியது. அதே ஆண்டு மத்திய அரசு, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் நிதியில் கை வைக்கவே, நவம்பரில் விற்பனை வரியை உயர்த்தும் 'மெஷர் ஏ'வை மக்கள் முன் வைத்து நிறைவேற்றினார்கள். நூறு டாலருக்கு ஏறத்தாழ 63 சென்ட், ஐந்து ஆண்டுகளுக்கு. அது முடிந்தபின் பணம் எங்கிருந்து வரும், வராவிட்டால் எதைக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். "எதையும் குறைக்க மாட்டேன்" என்பவரைவிட, உங்களுக்குப் பிடிக்காத ஒரு பதிலையாவது சொல்பவரை நான் நம்புவேன்.

அசெஸர் பதவிக்கு நிற்கும் ஒருவர் சொத்து வரியைக் குறைப்பேன் என்கிறார். வீட்டு வரி கட்டி மூச்சு முட்டுகிறது. அவருக்கே போட்டுவிடலாமா? (மில்பிடாஸ்)

போடும் முன் ஒரு நிமிடம். 1978இல் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆவது முன்மொழிவின்படி அடிப்படை வரி வீதம் மதிப்பில் ஒரு சதவீதம். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு மக்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட கடன் பத்திரங்கள். வீடு வாங்கிய விலையே தொடக்க மதிப்பு. அது ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. இதில் எதையும் அசெஸர் மாற்ற முடியாது. அவர் சொத்தின் மதிப்பைக் கணக்கிடுபவர், வரி வீதத்தை நிர்ணயிப்பவர் அல்லர். தராசு பிடிப்பவர் வெங்காய விலையைக் குறைப்பேன் என்றால் நம்புவீர்களா?

பக்கத்து வீட்டுக்காரர் 1990இல் வாங்கியிருந்தால் உங்கள் வரியில் கால்பங்குகூடக் கட்டமாட்டார். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. அதை மாற்ற மாநில அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்.

அசெஸரிடம் கேட்க வேண்டியவை வேறு. சந்தை விழுந்தால் மதிப்பைத் தாமாக முன்வந்து குறைப்பீர்களா? பெரிய நிறுவனங்கள் மேல்முறையீடு செய்யும்போது கவுன்டிக்காக வாதாட உங்களிடம் ஆள் இருக்கிறதா? சலிப்பூட்டும் கேள்விகள்தான், பதவியும் அப்படித்தான். ஆனால் 1995 முதல் 2025 வரை முப்பது ஆண்டுகள் லாரி ஸ்டோன் ஒருவரே அதில் இருந்தார். அவர் ஓய்வு பெற்றபின் நடந்த நவம்பர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், டிசம்பர் 30 அன்று மறுசுற்று வைத்தார்கள். புத்தாண்டு விடுமுறையில் யார் வாக்களித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஆள் நிற்கும்போது நம் ஆளுக்குப் போடுவது தவறா? (சான் ஹோசே)

தவறு என்று சொல்ல மாட்டேன். வேலைக்குத் தகுந்த இருவர் சமமாக நின்றால், இட்லியின் அருமை தெரிந்தவருக்கு நானும் போடுவேன். ஆனால் "நம் ஆள்" என்பதோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. பெயரைப் பார்த்து நாம் போடுகிறோம் என்று தெரிந்தால், நாளை நம்மிடம் வரும் வேட்பாளர் பெயரைத் தவிர வேறெதையும் கொண்டுவர மாட்டார்.

வீட்டுக்கு வந்த வழுவழுப்பான அட்டையில் "வாக்காளர் வழிகாட்டி" என்று கொடி, கழுகுப் படத்தோடு எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. கட்சி அனுப்பியதா? (கூபர்ட்டினோ)

பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சில பெயர்களின் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். அந்த இடத்துக்கு அவர்களோ, அவர்களுக்காக வேறு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குறியைப் போட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அட்டையில் பொடி எழுத்தில் இது எந்தக் கட்சியின் அதிகாரபூர்வ வெளியீடும் அல்ல என்றும் இருக்கும். கவர்னர் பெயருக்கு நட்சத்திரம் இல்லாமல், கீழே நீங்கள் கேள்விப்படாத நான்கு பேருக்கு நட்சத்திரம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பெரிய பெயரின் வாலைப் பிடித்துச் சின்னப் பெயர்கள் பயணம் செய்கின்றன.

அட்டையை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டு, வேட்பாளரின் 460ஆம் எண் படிவத்தைத் தேடுங்கள். கவுன்டி தேர்தல் அலுவலக இணையதளத்தில் கிடைக்கும். நூறு டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். எனக்கு ஒருவரைப் பற்றிய முடிவுக்கு வர அரை மணி நேரம் போதும். ஆசிரியரும் செவிலியரும் ஓய்வூதியக்காரர்களும் இருநூறு டாலராகக் கொடுத்த பட்டியல் ஒரு மாதிரி இருக்கும், நிலம் விற்பவர்கள் குடும்பத்தோடு ஒரே நாளில் கொடுத்த பட்டியல் வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது குற்றமில்லை. ஆனால் அவர் நிலப் பயன்பாடு பற்றிப் பேசும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி கிரீன் கார்டு. வாக்கு இல்லை, நன்கொடையாவது தரலாமா? (சான்டா கிளாரா)

உங்கள் மனைவி தரலாம். நீங்கள் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. மத்திய சட்டம் கவுன்டி தேர்தலுக்கும் பொருந்தும். அவர் கொடுப்பதாக எழுதி உங்கள் பணத்தைக் கொடுப்பதும் கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக வீடு வீடாகப் போகலாம், தொலைபேசியில் பேசலாம். ஓட்டுநர் உரிமப் படிவத்தில் வாக்காளர் பதிவு என்று ஒரு கட்டம் வரும். அதில் இருவருமே தெரியாமல்கூடக் கை வைக்காதீர்கள். குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்வது நாட்டைவிட்டு வெளியேற்றும் அளவுக்குப் போகும்.

ஷெரீஃப் வேட்பாளரை போலீஸ் சங்கம் ஆதரிக்கிறது. அது போதாதா? (மார்கன் ஹில்)

சங்கம் தன் உறுப்பினர்களின் சம்பளத்துக்கும் பணி நிலைக்கும் யார் நல்லவர் என்று பார்க்கிறது, அது அதன் வேலை. ஷெரீஃப் கவுன்டியின் காவல் தலைவர், சிறையும் அவர் பொறுப்பு; உங்கள் கவலை அந்தச் சிறையில் என்ன நடக்கிறது என்பதாகவும் இருக்க வேண்டும். நம் கவுன்டியில் 1998இல் தேர்வான லாரி ஸ்மித், கலிஃபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரீஃப் என்ற பெருமையோடு ஆறு முறை வென்றார். மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கான உரிமத்தை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் 2022 அக்டோபர் இறுதியில் பதவி விலகினார். சில நாட்களில் நடுவர் குழுவும் குற்றச்சாட்டுகள் உண்மை என்றது. எந்த அலுவலகமும் ஒருவர் கையில் இத்தனை காலம் இருந்தால் கோப்புகளைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு உங்கள் சீட்டில் ஷெரீஃப் இருக்காது. ஷெரீஃப், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (கவுன்டியின் தலைமை அரசு வழக்குரைஞர்) தேர்தல்களை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றும் சட்டம் 2022இல் வந்தது. அடுத்தது 2028.

நீதிபதிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒருவரையும் தெரியாதே. (லாஸ் ஆல்டோஸ்)

எனக்கும் இதுதான் கடினமான பக்கம். பெயருக்குக் கீழே உள்ள தொழில் விவரத்தைப் பாருங்கள், பிறகு வழக்குரைஞர் சங்கங்கள் தரும் மதிப்பீடு இருந்தால் பாருங்கள். 2018இல் நம் கவுன்டி வாக்காளர்கள் ஆரன் பெர்ஸ்கி என்ற நீதிபதியை வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவரின் பாலியல் வழக்கில் ஆறு மாதச் சிறை மட்டுமே விதித்தார் என்ற கோபம் அதற்குக் காரணம். சட்டம் தெரிந்த பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு தீர்ப்புக்காக நீதிபதியை நீக்கினால் மற்ற நீதிபதிகள் பயந்துபோய் ஏழைக் குற்றவாளிகளுக்குக் கூடுதல் தண்டனை தருவார்கள் என்பது அவர்கள் வாதம். நான் அன்று எப்படி வாக்களித்தேன் என்பதில் இன்றும் எனக்கு முழு நிம்மதி இல்லை.

தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். சீட்டின் மற்ற பகுதி செல்லும்.

எங்கள் டெக்சஸில் "கவுன்டி ஜட்ஜ்" என்று ஒரு பதவி. அவரும் நீதிபதிதானா? (ஃபிரிஸ்கோ)

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய கவுன்டிகளில் அவர் நிர்வாகத் தலைவர், நான்கு கமிஷனர்களோடு உட்கார்ந்து பட்ஜெட் போடுபவர். எங்களுக்கு இங்கே கவுன்டி பதவிகளில் கட்சிப் பெயர் சீட்டில் இருக்காது, உங்களுக்கு இருக்கும். 2020 முதல் ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் வசதி போய்விட்டதால் கடைசி வரை இறங்கிப் போக வேண்டும். ஒரு கட்சி ஓங்கி நிற்கும் கவுன்டியில் உண்மையான போட்டி மார்ச் பிரைமரியில்தான். நவம்பரில் போய் நிற்பவர் தாலி கட்டி முடிந்தபின் மாப்பிள்ளை பார்க்கப் போனவர்.

நியூ ஜெர்சியில் கவுன்டி கட்சி ஆதரித்தவர்களுக்குப் போடு என்பார் என் அண்ணன். சரியா? (எடிசன்)

கவுன்டி கட்சித் தலைவர்கள் ஆதரித்தவர்களை எல்லாம் சீட்டில் ஒரே வரிசையில் அடுக்கும் வழக்கம் உங்கள் மாநிலத்தில் இருந்தது. மற்றவர்களை எங்கோ மூலையில் தள்ளுவார்கள். 2024இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. உங்கள் அண்ணன் அந்தக் காலத்துப் பழக்கத்தில் பேசுகிறார். இப்போது தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது, நல்லதுதான்.

கனெக்டிகட்டில் கவுன்டி வேட்பாளர்கள் யார் யார்? (ஹார்ட்ஃபோர்டு)

யாருமில்லை. உங்கள் மாநிலம் 1960இலேயே கவுன்டி அரசை மூடிவிட்டது. வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. நகர மன்றத்தைப் பாருங்கள்.

என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்? (சன்னிவேல்)

2024 மார்ச் பிரைமரியில் அப்போது நம் சூப்பர்வைசராக இருந்த ஜோ சிமிடியன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பதவிக்கு நின்றார். இரண்டாம் இடத்தில் அவருக்கும் எவன் லோவுக்கும் ஆளுக்கு 30,249 வாக்குகள். மறு எண்ணிக்கையில் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் லோ முன்னால் வந்தார். கவுன்டி பதவிகளில் இன்னொன்றும் உண்டு: ஜூனிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாங்கினால் கதை அங்கேயே முடிந்தது, நவம்பரில் இறுதிச் சுற்று கிடையாது.

அம்மாவுக்குக் குடியுரிமை வந்துவிட்டது, ஆங்கிலம் வராது. அவருக்குப் பதிலாக நானே நிரப்பிவிடலாமா? (மில்பிடாஸ்)

உதவலாம், முடிவெடுக்கக் கூடாது. அவர் விரும்பும் இரண்டு பேர் வரை உதவிக்கு வைத்துக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் தருகிறது. தமிழில் மாதிரி வாக்குச்சீட்டு உங்கள் பகுதிக்கு உண்டா என்று தேர்தல் அலுவலகத்தைக் கேளுங்கள். ஆங்கிலம் போதாத குறிப்பிட்ட மொழியினர் மூன்று சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் தர வேண்டும் என்பது விதி.

உறையில் கையெழுத்தை மட்டும் அவரே போட வேண்டும், பதிவின்போது போட்டதுபோலவே. என் அம்மா பதிவுப் படிவத்தில் தமிழில் கையெழுத்திட்டிருந்தார். தபால் உறையில், "அமெரிக்காக்காரனுக்குப் புரிய வேண்டாமா" என்று என் தம்பி மகளிடம் கேட்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து வைத்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. கூடவே வந்த படிவத்தில் மறுபடியும் தமிழிலேயே கையெழுத்திட்டு அனுப்பினோம், எண்ணினார்கள்.