தைலப் பாட்டில், தேன் பாட்டில்: படம் எடுப்பவர்களின் கேள்விகள்

ஊட்டியில் தைலக்கடை வைத்திருக்கிறோம். வெள்ளைப் பின்னணியில் எடுத்தால் பாட்டிலின் ஓரமே தெரிவதில்லை. பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழுகிறது.

முதலில் பிளாஷை அணைத்துவிடுங்கள். நிறமில்லாத கண்ணாடி தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். அதனால் வெளிச்சம் பாட்டிலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஜன்னலில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, இரண்டடி தள்ளிப் பாட்டிலை வையுங்கள். அப்புறம் இரு பக்கமும், படத்துக்குள் வராதபடி, கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்துங்கள். வளைந்த ஓரங்களில் அந்தக் கறுப்பு ஏறி, பென்சிலால் வரைந்ததுபோல் கோடு விழும். அட்டையைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கொண்டுவரக் கோடு தடிப்பதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்! லேபிள் இருண்டுபோனால் முன்னால் ஒரு வெள்ளைத் தெர்மாகோலைச் சாய்த்து வையுங்கள்.

மூடுபனி நாளை வீணாக்காதீர்கள். வானம் முழுக்க ஒரே மென்மையான விளக்காகிவிடும். ஆனால் மேகம் நகர்ந்தால் வெளிச்சமும் மாறும். மொபைல் திரையில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக விழும் என்ற அளவை, பூட்டிக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியில் மலைத்தேன் விற்கிறேன். படத்தில் தேன் கருப்பட்டிப் பாகுபோல் கறுத்துத் தெரிகிறது.

தேனுக்குள் வெளிச்சம் நுழையவில்லை. பாட்டிலின் உருவத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, கேமராவுக்குத் தெரியாமல் பாட்டிலுக்குப் பின்னால் சாய்த்து நிறுத்துங்கள். பக்கவாட்டு வெளிச்சம் அதில் பட்டுத் தேன் வழியாக வரும். சிலர் தங்க நிறத் தாள் வைப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தேனுக்கு இல்லாத நிறத்தைக் காட்டி விற்கக் கூடாது.

கொடைக்கானலில் விடுதி நடத்துகிறோம். கண்ணாடித் தம்ளர்களைக் கறுப்புப் பின்னணியில் எடுக்க முடியுமா?

முடியும். இங்கே எல்லாம் தலைகீழ். தம்ளருக்குப் பின்னால் பெரிய வெள்ளை வெளிச்சம், அதன் நடுவே படத்தை நிரப்பும் அளவுக்குக் கறுப்பு அட்டை. ஓரங்கள் வெள்ளைக் கோடாக ஒளிரும். ஒவ்வொரு தூசும் விரல் ரேகையும் தெரியும், பருத்திக் கையுறை போட்டே தொடுங்கள்.

காலையில் எடுக்கும்போது பாட்டிலில் ஆவி படிகிறதே?

குளிர்ந்த அறையிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் படியத்தான் செய்யும். ஒரு மணி நேரம் முன்பே பாட்டிலை அந்த அறையில் வைத்துவிடுங்கள். கேமராவையும் பையைத் திறக்காமல் அப்படியே வையுங்கள். பனித்துளி வேண்டும் என்றால் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளியுங்கள். சீக்கிரம் வழியாது, காயாது.