ஒரே ஒரு அறிமுகப் புத்தகத்தை வைத்துப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் கற்றேன், இன்று அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் சாய்ந்து உட்கார்ந்து கதைப்புத்தகம் போலப் படித்தால் எதுவும் தங்காது.

வாங்கும் முன் புத்தகத்தின் முதல் நிரலைப் பாருங்கள். பிரிண்ட் என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2-க்கு எழுதிய புத்தகம், வேண்டாம். பைத்தான் 3 வந்தது 2008-இல். பழையதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. பழைய புத்தகக் கடைகளில் மட்டும் அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. பைத்தான் 2-இல் 7/2 என்றால் 3 வரும், பைத்தான் 3-இல் 3.5. முதல் பக்கத்து நிரலே எரர் காட்டினால், புதிதாக வருபவர் தனக்குத்தான் தலையில் ஏறவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறம், எடுத்துக்காட்டுகளை காப்பி செய்யாமல் கையால் டைப் செய்யுங்கள். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டினால் வரி முன்னால் விடும் இடைவெளி பல சமயம் கலைந்துவிடும். பைத்தானில் அந்த இடைவெளிக்கே பொருள் உண்டு.

எண்டர் தட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இதைவிட எனக்கு உதவிய பழக்கம் வேறில்லை. // என்பது முழு எண்ணாக விடை தரும் வகுத்தல்; 7//2 போட்டால் 3 என்று புத்தகம் சொல்லும். சரி, -7//2? பலர் -3 என்பார்கள், வருவது -4. பின்னத்தை வெட்டி எறிவதில்லை, கீழே இருக்கும் முழு எண்ணுக்கு இறங்குகிறது. பயனரிடம் விடை கேட்டு வாங்கும் இன்புட் வழியாக 5, 5 என்று இரண்டு எண் வாங்கிக் கூட்டினால் 55 வரும், ஏனென்றால் வந்தவை எண்கள் அல்ல, ஸ்ட்ரிங் எனப்படும் எழுத்துச் சரங்கள். எழுதிய விடையும் வந்த விடையும் எங்கே மாறுகின்றனவோ, அந்தப் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

புத்தகத்தில் இல்லாததையும் கேட்டுப் பாருங்கள். நீளம் காட்டும் லென் ஃபங்ஷனுக்கு ஆங்கிலச் சொற்களைத்தான் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருப்பார்கள். ‘தமிழ்’ என்று கொடுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தான் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் ஐந்து குறிகள் தனித்தனியே இருக்கின்றன. அதே சொல்லை [::-1] போட்டுத் திருப்பினால், உட்கார ஓர் எழுத்தில்லாமல் புள்ளி முதலில் வந்து நிற்கும். ஸ்ட்ரிங் என்றால் என்ன என்பது எனக்கு உண்மையில் புரிந்தது இங்கேதான்.

பைத்தான் 3-இல் மதிப்பைச் சேமித்து வைக்கும் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. பழம் = [1, 2, 3] என்று எழுதி, நகல் = பழம் என்று போட்டு, நகலில் 4-ஐச் சேர்த்துவிட்டுப் பழத்தை அச்சிடுங்கள். அங்கேயும் 4 இருக்கும். இரண்டு பெயர், ஒரே லிஸ்ட், அதாவது ஒரே பட்டியல். லிஸ்ட் அத்தியாயத்தை இது விளங்கும்வரை தாண்டாதீர்கள்.

எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும்.

நிபந்தனை பார்த்து வழி பிரிக்கும் இஃப், எல்ஸ் வந்ததும் புத்தகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டு மின்கட்டணத்தைக் கணக்கிடும் நிரலை எழுதுங்கள். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதம் படிப்படியாக மாறுவதால் நல்ல பயிற்சி. ஒவ்வொரு படியின் எல்லையிலும், அதற்கு ஒரு யூனிட் முன்னும் பின்னும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கையில் இருக்கும் பழைய பில்களோடு தொகை ஒத்துப்போனால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.