மேடை ஏறிய கட்டமோளம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எனக்குப் பிடித்த இசைக்குழு எது என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், அவர்களின் முதல் கச்சேரியை நேரில் பார்த்தவள் நான்’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த முறை அதைப் பற்றி மட்டும் பேசலாம்.

அக்கா, அவர்கள் பாட்டெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது. நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டால் போதாதா? நேரில் போய் அப்படி என்ன பார்த்தீர்கள்?
– கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு; ‘கேஸ்ட்லெஸ்’ என்றால் சாதியற்ற என்று பொருள். மொத்தம் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிடார், டிரம்ஸ், அவற்றோடு பறை, தவில், சட்டி என்ற மேளம், கனத்த ஒலியுள்ள கட்டமோளம் என்ற மேளம்.

கட்டமோளம் என்று எழுதும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. நான் ஓட்டேரியில் வளர்ந்தவள். சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலங்கள் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகும். தூரத்தில் சட்டியின் சடசடப்பு கேட்டதும் அம்மா ஜன்னலைச் சாத்துவார். சாத்தினாலும் கட்டமோளத்தின் அடி சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். சில இரவுகளில் சாவு வீட்டுப் பந்தலில் கானா நடக்கும். இறந்தவர் பெயர், அவர் செய்த வேலை, அவர் பெற்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே பாட்டில் கோத்து விடிய விடியப் பாடுவார்கள். கேட்டு அழாதவர் இருக்க மாட்டார். ஆனால் விடிந்த பிறகு, பாடியவர்களையும் அடித்தவர்களையும் யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

அதனால் அன்று கொஞ்சம் முன்கூட்டியே போயிருந்தேன். ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு இளைஞர் குனிந்து, கட்டமோளத்தின் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு, “இன்னொரு தடவை அடிங்கண்ணா” என்றார். அடித்தார்கள். மைக்கை அரை சாண் தள்ளி வைத்தார். “மறுபடியும்ணா.” அந்த வாத்தியம் சரியாகக் கேட்க வேண்டும் என்று ஒருவர் அத்தனை பொறுமையாக மெனக்கெட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. கச்சேரி தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அவர்கள் மேடைக்கு வந்தார்கள். அம்பேத்கரின் கோட்டு யாருக்குத்தான் நினைவுக்கு வராது? கூட்டம் போட்ட சத்தத்தில் முதல் பாட்டின் தொடக்கம் காதில் விழவே இல்லை. அறிவு என்ற பாடகரின் ராப் ஒரே மூச்சில் ஓடும். அது நின்ற இடத்தில் கானா குரல் இழுத்து எடுக்கும். பாட்டுக்காரர்களில் ஒரே பெண், ராயபுரத்து இசைவாணி. ஆண்களின் பாட்டாகவே இருந்த கானாவை அவர் எடுத்த எடுப்பிலேயே தன்னுடையதாக்கிக்கொண்டு பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. மைதானத்தில் இருந்த யாருக்கும் இருந்திருக்காது.

எனக்கு முன்னால் நின்ற சில பெண்கள் கட்டமோளம் எழும்பியதும் ஆட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் பாடைக்கு முன்னால் ஆடுவார்களே, அதே அடி, அதே தோள் குலுக்கல். அன்று யாரும் சாகவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே ஆடினார்கள்.

சரி, ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குக் கனத்த, தாழ்ந்த ஒலியை வெளியே தள்ளும் சக்தி கிடையாது; கட்டமோளத்தில் பாதி அதிலேயே போய்விடும். நல்ல ஹெட்போனில் அந்த ஒலி வரும், ஆனால் காதோடு நின்றுவிடும். மைதானத்தில் அது நெஞ்சுக்கூட்டில் விழுகிறது, கால் வழியாகத் தரையிலிருந்து ஏறுகிறது. தெருவில், திறந்தவெளியில், நூறு பேர் அழுகைக்கு நடுவே கேட்பதற்காகவே உருவான வாத்தியம் அது. அதை அதற்குரிய அளவில் கேட்காதவரை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன்.

என் பெண்ணுக்கு 19 வயது. சென்னையில் இந்த மாதிரிக் கச்சேரி என்றால் தோழிகளோடு போக வேண்டும் என்கிறாள். போன முறை ஒரு கச்சேரிக்குப் போய் வந்து இரண்டு நாள் காதில் ‘கொய்ங்’ என்று சத்தம் கேட்கிறது என்றாள். அனுப்பலாமா?
– ஒரு தாய், வேலூர்

அனுப்புங்கள் அம்மா. ஆனால் அந்தக் ‘கொய்ங்’ சத்தத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் களைத்துப்போனதன் அறிகுறி அது. அடுத்தடுத்து அப்படி ஆனால் அந்தச் செல்கள் செத்துவிடும். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை.

பெரிய கச்சேரிகளில் ஒலி 100 டெசிபெல் வரை போவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி அரங்குகளுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், சத்தம் குறைந்த ஓர் ஓய்விடம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊரில் இதையெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான காதடைப்பான் ஒரு ஜோடியைப் பையில் போட்டு அனுப்புங்கள். இசையைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கிற, கச்சேரிக்கென்றே செய்த காதடைப்பான்களும் விற்கிறார்கள். ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒலிக் கலவை செய்பவர் தன் மேசையைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்பார் அல்லவா, அவர் பக்கத்தில் நிற்பதுதான் புத்திசாலித்தனம். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். பாட்டு தெளிவாகக் கேட்கும், தள்ளுமுள்ளும் குறைவு. நான் எப்போதும் தேடிப் போகும் இடம் அதுதான்.

இந்த முறை போய் வந்த பிறகும் காதில் இரைச்சல் கேட்டு, அது ஓரிரு நாளில் நிற்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மார்கழியில் சபாவில் கேட்பது சங்கீதம். மேடை ஏறி இடஒதுக்கீடு பற்றிக் கோஷம் போடுவது அரசியல். இரண்டையும் ஒன்றாக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, நான் சபாவுக்கும் போகிறவள். ஒரு நல்ல தோடி ராக ஆலாபனைக்காக அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அந்த முதல் கச்சேரி நடந்ததும் மார்கழியில்தான். சபாக்கள் நிறைந்திருந்த அதே நாட்களில், அதே நகரத்தில், இந்த மைதானமும் நிறைந்தது. நீங்கள் சொல்லும் இடஒதுக்கீட்டுப் பாட்டை நான் அங்கே கேட்டேன். அது கோஷமாக இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கூட்டம் கலைந்து பேச ஆரம்பித்திருக்கும். ஒரு கேள்வி, அதற்குக் கிண்டலாக ஒரு பதில், அடுத்த கேள்வி என்று தாளத்தின் மேல் ஏறி ஏறிப் போகும் பாட்டு அது. தாளம் ஓரிடத்தில் தடுக்கினாலும் வாதம் விழுந்துவிடும். அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். டென்மாவின் கைவேலையில் நான் ரசிப்பது, கிடாரும் டிரம்ஸும் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருப்பது. சட்டி பேசும்போது மற்றவை ஒதுங்கி நிற்கின்றன.

கானாவைத் தொண்ணூறுகளில் தேவா சினிமாவுக்குள் கொண்டுவந்தார். ஊரே ஆடியது. அப்போது அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பாட்டு காதலைப் பற்றியும் கலாட்டாவைப் பற்றியும் இருந்தது. அதே பாட்டுக்காரர் தன் தெருவை, தன் படிப்பை, தன் மேல் திணிக்கப்பட்ட இழிவைப் பாடினால் மட்டும் அது இசையிலிருந்து வெளியே போய்விடுமா? ‘சாதியற்ற தமிழர்’ என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பேசிய அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்துதான் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் விலை ஒரு பைசா. எல்லோர் கைக்கும் போக வேண்டும் என்பதுதான் எண்ணம். அந்த மரபில் வருகிறவர்கள் மேடை ஏறி எதைப் பாடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழாவையும் தொடங்கியது. ஒப்பாரி, கானா, பறை எல்லாவற்றுக்கும் அதில் மேடை உண்டு. சென்னைக்கு வரும்போது ஒரு மாலை அங்கேயும் உட்காருங்கள் ஐயா. கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், அப்போது இதைத் தொடரலாம்.

குழுவில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?
– பெயர் வேண்டாம், சேலம்

தாளக்காரர்கள்தான். சட்டிக்குச் சரத், கட்டமோளத்துக்குக் கௌதம், பறைக்கும் தவிலுக்கும் நந்தன். பாடியவர்கள் பின்னால் தனித்தனியாகப் பெரிய பெயர் எடுத்தார்கள். ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு வந்த 2021க்குப் பிறகு ராப் பாடகர் அறிவைத் தெரியாதவர் இல்லை. எனக்கோ அந்தக் குச்சி பிடித்த கைகள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

என் அப்பா சாவுக்கு மேளம் அடிப்பவர். கல்லூரியில் நண்பர்களிடம் ‘அப்பா கூலி வேலை செய்கிறார்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் இந்தக் குழுவின் பாட்டை போனில் வைத்து ஆடுகிறார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அக்கா.
– மாணவர், திண்டிவனம்

தம்பி, நண்பர்களிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உன் விருப்பம். அவமானம் உன்னுடையதோ உன் அப்பாவுடையதோ இல்லை. அந்தத் தொழிலை ஒரு சாதியின் தலையில் கட்டி, கூலியைக் கையில் தொடாமல் கொடுத்தவர்களுடையது. அவர்கள் பாரத்தை நீ சுமக்க வேண்டாம். உன் அப்பாவுக்கு நாளைக்கே இந்த வேலையை விட்டுவிடத் தோன்றினால் அதற்கும் அவருக்கு முழு உரிமை உண்டு. ‘கலையைக் காப்பாற்றுங்கள்’ என்று சொல்லி அவரை அங்கேயே நிற்க வைக்கும் உரிமை எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

நான் கேட்டுக்கொள்வது வேறு. வீட்டில் அவர் ஓய்வாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். யாரிடம் கற்றார்? பிணம் எடுக்கும்போது ஓர் அடி, தெருவில் நடக்கும்போது ஓர் அடி, சுடுகாட்டு வாசலில் வேறு ஓர் அடி என்று அவர் ஊரில் வித்தியாசம் உண்டா? ஒவ்வோர் அடிக்கும் என்ன பெயர்? தோலை எப்படிக் காய்ச்சி ஏற்றுகிறார், மழைக்காலத்தில் என்ன செய்கிறார்? அவர் சம்மதித்தால் போனில் பதிவு செய்துகொள். போனை மேளத்துக்கு மிக அருகில் வைக்காதே, சத்தம் உடைந்துவிடும்; பத்தடி தள்ளி வை. ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக, முதலில் மெதுவாகவும் பிறகு முழு வேகத்திலும் அடிக்கச் சொல். பெயரை அவர் வாயாலேயே சொல்ல வை. வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அவரும் நீயும் விரும்பினால் எனக்கு ஒன்று அனுப்பு. நான் முழுதாகக் கேட்டுவிட்டு அப்பாவுக்கே நேரடியாகப் பதில் எழுதுகிறேன்.